மோசமில்லை

கோபன்ஹேகன்
21 நவம்பர் 1994

அன்புள்ள போதில் அக்காவுக்கு,

வீபெகே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே, ஒரு பக்கமாவது படி. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இங்கே மோசமில்லை. இருபத்தேழு வருஷம் இந்த நகரத்தில் குப்பை கொட்டியும் நம் லெம்வி ஊரின் அந்த ஒரு சொல் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் துணிக்கடையில் அதைச் சொன்னால், "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று பதறுகிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டே கிடையாது என்பதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

வழக்கப்படி, 'போன தடவை சந்தித்ததற்கு நன்றி' என்று நான் தொடங்கியிருக்க வேண்டும். போன தடவை என்பது அம்மாவின் அடக்கம். தேவாலயம் முழுக்கக் கறுப்பு உடுத்தி நிற்க, நான் சிவப்புக் கோட்டில் வந்து நின்றேன். பிறகு காபிக்கு உட்கார்ந்தபோது, அத்தனை பேர் எதிரில் நீ கேட்டாய்: "கடையிலேருந்து வர்றியா, இல்ல சர்க்கஸ்லேருந்தா?" நான் கோப்பையைத் தொடாமல் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டேன். அதற்கு நாலு வருஷம் ஆகிறது.

போன வாரம் எங்கள் கோட்டுப் பிரிவில் ஒரு அம்மாள் கண்ணாடி முன் நின்று, கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அச்சு அசல் நீ. வாய் தவறி "போதில்!" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "அது என் பேர் இல்லம்மா. ஆனா இந்தக் கோட்டுல வயசு கூடுதா குறையுதா, அதை மட்டும் சொல்லிடு" என்றாள். குறைகிறது என்று பொய் சொல்லி விற்றேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

தொலைபேசியில் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. நீ மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், உனக்கும்தான் வரும். அதனால் கடிதம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
வீபெகே

லெம்வி
2 டிசம்பர் 1994

வீபெகேக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் இப்போது அடுப்பு கிடையாது, சூடு குழாயில் வருகிறது.

உன் அத்தான் தோர்கில் இன்னும் பால் வண்டி ஓட்டுகிறான். இடது முழங்கால் தகராறு செய்கிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

வயதைக் குறைக்கிறதென்று சொல்லி ஏமாற்றினாயே, அந்த அம்மாள் பாவம். நகரத்தில் இப்போது என்னதான் போடுகிறார்கள்? இங்கே தொலைக்காட்சியில் பார்த்தால் எல்லாரும் அடக்கத்துக்குப் போவது மாதிரி கறுப்பாக அலைகிறார்கள். அதையெல்லாம் விவரமாக எழுது. எனக்குப் படிக்க நேரம் இருக்கிறது.

போதில்

கோபன்ஹேகன்
11 டிசம்பர் 1994

அன்புள்ள அக்கா,

உன் பத்து வரியை இருபது தடவை படித்தேன். அத்தானின் முழங்காலுக்குச் சூடாக ஏதாவது கட்டச் சொல். நீ நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி. நானும் சுகம், குதிகால் வலியைத் தவிர. பண்டிகை மாதத்தில் கடைக்காரிக்குக் குதிகால் வலிக்கவில்லை என்றால் அவள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நீ சொன்னது சரி. நகரமே கறுப்பு. கணுக்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டு, கீழே கட்டை கட்டையாய்ச் செருப்பு. ஆனால் கோட்டைத் திறந்தால் சின்னப் பெண்கள் தொப்புள் தெரிகிற சட்டை போட்டிருக்கிறார்கள், இந்தக் குளிரில். கேட்டால், "உள்ள சூடாத்தான் இருக்கு, ஆன்ட்டி" என்கிறார்கள். ஆன்ட்டியாம்! கடைத்தெருவில் தலைக்கு மேல் ஊசியிலை மாலையும் விளக்கும் கட்டிவிட்டார்கள். வேலை முடிந்ததும் தள்ளுவண்டிக்காரனிடம் சிவப்பு சாசேஜ் ஒன்று வாங்கித் தின்றுகொண்டே, எதிர்க்கடை ஜன்னல்களை வேவு பார்த்தபடி நடக்கிறேன். என் பொழுதுபோக்கு அதுதான். ஞாயிறு மதியமானால் சினிமா. எந்தப் படமானாலும் போய்விடுவேன். கதையைவிடக் கதாநாயகியின் கோட்டில்தான் எனக்குக் கண்.

ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு முன் பிரிக்காதே. பாசிப்பச்சைக் கோட்டு, நாற்பத்து நாலாம் அளவு. பொட்டலத்தின் முதுகில் 'மாற்றிக்கொள்ளலாம்' ஸ்டிக்கர் வழக்கம்போல ஒட்டியிருக்கிறது. ஹோல்ஸ்டெப்ரோவில் எங்கள் கிளை இருக்கிறதல்லவா, அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். எனக்கு உன்னைத் தெரியும். நான் கொடுத்த எதை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய்? கைப்பை ஜமுக்காளமாயிற்று. மஞ்சள் ஸ்வெட்டர் பழுப்பு ஸ்வெட்டராயிற்று. பட்டு இரவு உடை ஆறு தலையணை உறையாகத் திரும்பி வந்தது. இங்கே யாரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை, ஸ்டிக்கர் இருப்பதே அதற்குத்தான். ஆனாலும் அக்கா, இதை மட்டும் மாற்றாதே. ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு இங்கே வா. நாம் இரண்டு பேரும் கடைத்தெருவில் கைகோத்து நடக்க வேண்டும். நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று நான் நம்புவதற்கு எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

பண்டிகை வாழ்த்துகள்.

அன்புடன்,
வீபே

லெம்வி
6 ஜனவரி 1995

அன்புள்ள வீபே,

புது வருஷ வாழ்த்து. வாத்தைத் தோர்கில் தீய்த்துவிட்டான். ஏன் அவனைச் சமைக்கவிட்டாய் என்று கேட்காதே. நான் நன்றாக இருக்கிறேன்.

கோட்டு வந்தது. திருப்பித் தரமாட்டேன். பீரோவில் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து ஒரு தடவை பார்க்கிறேன். நிறம் மோசமில்லை.

வேறு வேலையாக ஹோல்ஸ்டெப்ரோவுக்குப் போயிருந்தேன். உங்கள் கிளை வாசலில் மாற்ற வந்தவர்களின் வரிசை பாலம் வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் நின்றவன் மாமியார் கொடுத்த குளியலுடையை மாற்ற வந்திருந்தான். "அவங்களே முன்னாடி நிக்கிறாங்க, எட்டிப் பார்க்காதீங்க" என்று என்னிடம் கெஞ்சினான். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

சினிமா பற்றி இன்னும் எழுது. கதையையும் சேர்த்து எழுது. கோட்டை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதே.

போதில்

கோபன்ஹேகன்
15 ஜனவரி 1995

அன்பு அக்கா,

நலம்தானே? நான் மோசமில்லை. இல்லை, உண்மையைச் சொல்கிறேன், தலைகால் புரியவில்லை. நீ வைத்துக்கொண்டாய்! முப்பது வருஷத்தில் முதல் தடவை. "எங்க அக்கா கோட்டை வெச்சுக்கிட்டா" என்று கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். ரொக்க மேசையில் இருக்கிற யொனா, "எந்தக் கோட்டை? ராணியோட கோட்டையா?" என்று நக்கலடித்தாள். நிறம் மோசமில்லை என்று நீ எழுதிய வரியைக் காட்டினேன். அவள் தெற்குக்காரி, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இங்கே தள்ளுபடி நடக்கிறது. கதவு திறப்பதற்கு முன்பே பெண்கள் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க் காபியுமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒற்றைக் கையுறைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். மற்றக் கையுறை கீழே கிடந்தது, நான் எடுத்துக் கொடுக்கவில்லை, எவ்வளவு தூரம் போகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதை கேட்டாய். போன ஞாயிறு பார்த்த படத்தை இரண்டு தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முடிவில் அவள் அவனிடம் போகவில்லை. சொல்லாமல் கப்பல் ஏறிவிடுகிறாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மே மாதம் வா, அக்கா. முதல் சனிக்கிழமை. குளிர் விட்டிருக்கும், கோட்டுப் போடவும் கொஞ்சம் காற்று இருக்கும்.

உன்,
வீபே

லெம்வி
20 பிப்ரவரி 1995

அன்புள்ள வீபே,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. வேலை. நீ சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

மே மாதம் வருகிறேன் என்று தோர்கிலிடம் சொல்லிவிட்டேன். நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறான்.

ஒரு தொப்பி வேண்டும். காதுக்குக் கீழே வரை இறங்க வேண்டும். உள்ளே தையல் உறுத்தக் கூடாது. கம்பளி வேண்டாம், குத்துகிறது. அளவு ஐம்பத்தைந்து. நிறம் உன் இஷ்டம்.

கப்பல் ஏறினவளைத் திட்டாதே. அவளுக்கும் ஏதாவது காரணம் இருக்கும். அடுத்த படத்தை எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

போதில்

கோபன்ஹேகன்
1 மார்ச் 1995

அன்பு அக்கா,

நலம் நலமறிய ஆவல் என்று சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே ஆவல்தான். வட்டம் போட்ட செய்தி வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இரண்டு மடங்காகிவிட்டது.

இத்துடன் தொப்பி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று சாம்பல். பருத்திதான், தையல் வெளிப்பக்கம். ஆனால் ஐம்பத்தைந்தா? உன் காட்டு முடிக்கு அறுபதே இறுக்குமே, தலை சுருங்கிவிட்டதா? உள்ளே இருந்தது வெளியேறிவிட்டதா? போகட்டும், மாற்றல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

நம் நாளைத் திட்டம் போட்டுவிட்டேன். பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கடிகாரத்தின் கீழ் நிற்பேன். முதலில் எங்கள் கடை. யொனாவுக்கு உன்னைக் காட்ட வேண்டும். பிறகு கடைத்தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஜன்னல் ஜன்னலாக, ஒன்றும் வாங்காமல், எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும். சாப்பாடு அந்த நிலவறைக் கடையில். கறுப்பு ரொட்டி மேல் பொரித்த மீன், உனக்கு எலுமிச்சை கூடுதலாக. பிறகு சினிமா. அன்று நான் கோட்டைப் பார்க்காமல் கதையைப் பார்ப்பேன், சத்தியம். கடைசியில் டிவோலி பூங்கா, அப்போது திறந்திருக்கும். ராட்டினத்தில் நீ ஏறமாட்டாய், நான் ஏறுவேன், நீ என் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாய். சின்ன வயதில் இருந்தது போல.

வந்துவிடு.
வீபே

லெம்வி
18 ஏப்ரல் 1995

வீபே,

நீ நலமாக இருக்க வேண்டும்.

மே மாதம் வர முடியாது. அதற்குப் பிறகும் இப்போதைக்கு இல்லை. காரணம் கேட்காதே. தொப்பிகள் நன்றாக இருந்தன. படம் எழுதுவதை மட்டும் நிறுத்தாதே.

போதில்

கோபன்ஹேகன்
23 ஏப்ரல் 1995

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. ஏழு வரி. காரணம் கேட்காதே என்று ஒரு வரி. படம் மட்டும் எழுத வேண்டுமாம். நான் என்ன, வாரப் பத்திரிகையா?

காரணம் எனக்குத் தெரியும். நாலு வருஷமாகியும் உனக்கு அந்தச் சிவப்புக் கோட்டு உறுத்துகிறது. நீ மனுஷி இல்லை, பாறை. சரி, அந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு உன் பாடு.

அம்மா சாவதற்கு முந்தின வருஷம் இலையுதிர்காலத்தில் என்னிடம் வந்திருந்தாள் அல்லவா? அப்போது எங்கள் கடையில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழற்றவே இல்லை. முன்னால் திரும்பினாள், பக்கவாட்டில் திரும்பினாள், நடந்து பார்த்தாள். அம்மா கண்ணாடி பார்த்து நீ பார்த்திருக்கிறாயா? அப்புறம், "எனக்கெதுக்குடி, பால் வாங்கப் போகவா?" என்று கழற்றி வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அதையே அனுப்பினேன். ஜனவரியில் ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: உன் அளவுக்கு மாற்றிக்கொள், நான் பார்க்கும்போதெல்லாம் நீ அதில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மாற்றிக்கொண்டேன். அவள் என்னைக் கடைசியாகப் பார்க்கிற நாளில் வேறு எதில் நான் வர முடியும்?

உனக்கு அன்றே சொல்லியிருக்கலாம். நீ சர்க்கஸ் என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பிய வாரமே கோட்டைச் செஞ்சிலுவைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு சிவப்பில் ஒரு கைக்குட்டைகூட நான் வாங்கியதில்லை.

இனி படமும் இல்லை, ஒன்றும் இல்லை.

வீபெகே

லெம்வி
10 மே 1995

வீபெகேக்கு,

நேற்று தொலைபேசியில் நான் சொன்னதும் நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது.

போதில் செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டாள். வயிற்றில் கட்டி. அக்டோபரிலேயே தெரியும். உன் முதல் கடிதம் வந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கோட்டுகூடக் கழற்றவில்லை. உனக்குச் சொல்கிறேன் என்றேன். விடவில்லை. "நாலு வருஷம் கழிச்சு எழுதுறா. அவ கடையைப் பத்தி எழுதட்டும். என் வயித்தைப் பத்தி எழுத ஆரம்பிச்சா அப்புறம் நான் எதைப் படிக்கிறது?" என்றாள். மருந்தில் முடி கொட்டிவிட்டது. தொப்பி அதற்குத்தான். கத்தரிப்பூ நிறத்தைக் கடைசி வரை கழற்றவில்லை, அதோடுதான் போகிறாள். ஆஸ்பத்திரியில் அவளோடு மூன்று பெண்கள் இருந்தார்கள். உன் படக் கதைகளை உரக்கப் படிப்பாள். கையுறைச் சண்டையை நாலு தடவை கேட்டார்கள்.

மே மாதத்து வட்டத்தை நான்தான் போட்டேன். அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் போடச் சொன்னாள்.

அடக்கம் அடுத்த செவ்வாய், பதினாறாம் தேதி, ஒரு மணிக்கு. இத்துடன் வரும் பொட்டலத்தை உனக்காக அவளே கட்டி வைத்திருந்தாள். உள்ளே அவள் எழுதியதும் இருக்கிறது. நான் படிக்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

தோர்கில்

லெம்வி
29 ஏப்ரல் 1995

வீபே,

உன் கடிதத்தைத் தோர்கில் படித்துக் காட்டினான். பாறை என்ற இடத்தில் நிறுத்தினான். மேலே படி என்றேன்.

அம்மாவின் கோட்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் பேசியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். எனக்குப் பொறாமை. நீ வாசலில் வந்து நின்றபோது எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பத்து மாதம் பார்த்துக்கொண்டவள், என்னை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நீ அனுப்பிய கோட்டை நான் மாற்றிவிட்டேன். திருப்பித் தரமாட்டேன் என்றுதான் எழுதினேன், மாற்றவில்லை என்று எழுதவில்லை. எடுத்துப் பார்த்துக்கொள். பச்சை எனக்கு ஆகாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது?

நீ என் மேல் கோபமாக இருந்தது நல்லதாயிற்று. எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

கை வலிக்கிறது. குதிகாலைப் பார்த்துக்கொள்.

அக்கா

கோபன்ஹேகன்
11 மே 1995

அன்புள்ள அத்தானுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். மோசம்.

பொட்டலம் வந்தது. நீங்கள் உள்ளே பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். உள்ளே சிவப்புக் கோட்டு. முப்பத்தெட்டாம் அளவு, என் அளவு. புது ஸ்டிக்கர் ஒட்டி, ஹோல்ஸ்டெப்ரோ கிளைக்காரர்கள் கையால் தேதி எழுதியிருக்கிறார்கள். எங்கள் கடையில் அதுதான் விதி. மாற்றிய தேதி ஜனவரி நான்கு.

ஜனவரி நான்கு, அத்தான். அம்மா கதையை நான் அவளுக்கு எழுதியது ஏப்ரல் கடைசியில். அதற்கு நாலு மாதம் முன்பே, ஒரு காரணமும் தெரியாமல், அந்த உடம்போடு அந்த வரிசையில் நின்று அவள் எனக்குச் சிவப்பு வாங்கியிருக்கிறாள். நிறம் மோசமில்லை என்று எழுதினாளே, அது பச்சையைப் பற்றி இல்லை. நான் அவளைப் பாறை என்று எழுதினேன். நீங்கள் அதைப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. என்னை மன்னித்துவிடுங்கள்.

குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கடிதத்திலும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாள். நம் ஊரில் எவளாவது நன்றாக இருக்கிறேன் என்று சொல்வாளா? அந்தச் சொல்லிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலை சுருங்கிவிட்டதா என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

அவள் கேட்டாள், நான் நிறுத்திவிட்டேன். அதனால் நேற்று ஒரு படத்துக்குப் போனேன். கதை முழுவதும் எழுதிக் கொண்டுவருகிறேன். அடக்கத்துக்கு முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனில் தேட வேண்டாம், தூரத்திலேயே தெரிவேன். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இந்தத் தடவை பாதியில் எழுந்து போகமாட்டேன். காபிக்கு எனக்கும் ஒரு கோப்பை வையுங்கள்.

உங்கள்,
வீபெகே